நாலு பந்தையும் விட்டவள்

மட்டையை வீசாமல் நின்றே முதல் பேஸுக்குப் போகிறவள் என்று எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சொல்கிறவர்கள் குறையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வெட்கம் ஏதும் இல்லை. என்னை அணியிலிருந்து வெட்டப் பார்த்த அந்தக் கோடையைப் பற்றிக் கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என்னுடையதை நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாசலில், காலையும் பின்னேரமும் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, வட்டத் தகடு பொருத்திய நீளத் தடியைத் தூக்கிப் பிடித்து, வாகனங்களை மறித்துப் பிள்ளைகளைத் தெருக் கடக்க விடுவது என் வேலை. கவுன்சில் சம்பளம். பதினாறு வருடமாக நிற்கிறேன். வருகிற கார் நிற்குமா நிற்காதா என்று தூரத்திலேயே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இதுவரை என் கணிப்புப் பிழைத்ததில்லை.

எங்கள் பங்கில் யாழ்ப்பாணத்து ஆட்களும் மன்னார் ஆட்களும் ஏறக்குறையப் பாதிப் பாதி. இரண்டு பகுதிக்கும் பொதுவான விஷயம், எல்லாருக்கும் கனடாவில் ஒரு சகோதரமாவது இருப்பது. அந்தச் சகோதரங்கள் ரொறொன்ரோ பேஸ்போல் அணியின் மேல் பைத்தியமாகி, தொலைபேசி வழியாக அந்தப் பைத்தியத்தை எங்களுக்கும் அனுப்பிவைத்தார்கள். அங்கே மத்தியானம் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு வரும். சமையலை முடித்துவிட்டுப் பார்க்கத் தோதான நேரம். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியும் பொரித்த ரோல்ஸும் வந்ததும் ஆண்கள் தொடங்குவார்கள். கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்துக் களைத்தவர்களுக்குச் சண்டை பிடிக்கப் புதுப் பொருள் கிடைத்துவிட்டது.

ஒரு முழு மாதம் ஒரே வழக்குத்தான் நடந்தது. ரொறொன்ரோ அணி ஓர் அடிகாரனுக்கு மலைபோலக் காசு கொடுத்து ஒப்பந்தம் எழுதியிருந்தது. அந்தக் காசுக்கு நல்ல பந்து எறிகிறவர்கள் ஐந்து பேரை வாங்கியிருக்கலாம் என்றது ஒரு பகுதி. அடிக்கிறவன் இல்லாமல் எறிகிறவனை வைத்துப் பூசை செய்வதா என்றது மற்றப் பகுதி. ஒருவரும் தன் சொந்தக் காசைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டால், ஒவ்வொருவரும் வீட்டை ஈடு வைத்துக் கொடுத்தார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

நான் ரோல்ஸ் மேசைக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் பேச விஷயம் இருந்தது. என் அண்ணை ரொறொன்ரோவில் பஸ் ஓட்டுகிறார், நானும் அவரும் ஆட்டம் பார்த்தபடி வாட்ஸ்அப்பில் கதைப்போம். எல்லாரும் அடிகாரனைப் பார்க்கிற நேரம் அண்ணை வேறொருவனைக் காட்டுவார். "உவனைப் பார் தங்கச்சி. பெரிசா அடிக்கமாட்டான். ஆனா அவுட் ஆகவும் மாட்டான். வோக் எடுத்துக்கொண்டு போய் நிப்பான். வெல்லுற அணியில உப்பிடி ரண்டு பேர் இருப்பினம். ஆரும் கைதட்டுறேல்லை."

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மட்டை பிடிப்பவரின் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் வருகிற பந்து நல்ல பந்து. அதை அடிக்காமல் விட்டால் ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அந்த இடத்துக்கு வெளியே வருவது கெட்ட பந்து. கெட்ட பந்து நாலை ஆசைப்படாமல் விட்டீர்கள் என்றால் நீங்கள் நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது அடித்தவர் ஓடிப்போய் நிற்கிற முதல் நிலைக்குப் போகலாம். அதுதான் வோக். பிறகு பின்னால் வருகிறவர்கள் அடிக்க அடிக்க நீங்கள் மற்றப் பேஸ்களையும் சுற்றி வந்து ஓட்டம் எடுக்கலாம். இவ்வளவு போதும், மிச்சத்தை நான் சொல்லச் சொல்ல விளங்கும்.

எங்கள் மண்டபத்து ஆண்களுக்கு வோக்கைக் கண்ணில் காட்டக்கூடாது. "அது பிச்சை," என்பார் கப்டன். "தடியைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிக்கிறவனுக்குக் குடுக்கிற பிச்சை." கப்டன் என்று நான் சொல்வது எங்கள் பங்கு அணியின் கப்டனை. மன்னார்க்காரர், என்னிலும் நாலு வயது இளையவர், குழாய்வேலைக் கொம்பனி நடத்துகிறார். யார் வீட்டில் பொயிலர் நின்றுபோனாலும் ஞாயிறென்றும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர். எனக்கும் வந்திருக்கிறார். அதனால் அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிடிவாதக்காரர், அவ்வளவுதான். அந்தக் குணம் எனக்கும் உண்டு.

எங்களுக்கு ஓர் அணி வந்த கதை சின்னது. அண்ணை ஒரு கலியாணத்துக்கு லண்டன் வந்தபோது பெரிய பை நிறைய மட்டைகளும் கையுறைகளும் கொண்டுவந்து மண்டபத்தில் கொட்டிவிட்டுப் போனார். நாங்கள் ஆடுவது பேஸ்போலின் தங்கை முறையான சொஃப்ட்போல். பந்து பெரிது, கீழ்க்கையால் உயர வீசுவார்கள். அணியில் பத்துப் பேர், ஐந்து ஆண், ஐந்து பெண். பெண்கள் குறைந்தால் அணி இறங்கவே ஏலாது. என்னைக் கூப்பிட்டதும் அந்த ஐந்தை நிரப்பத்தான். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

ஆனால் நின்று பார்த்த முதல் நாளே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஆள் குள்ளம் என்பதால் என் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் பெரிய இடமே இல்லை. பந்து எறிகிறவருக்கு அந்தச் சின்ன இடத்தில் பந்தை இறக்குவது பெரும்பாடு. நான் செய்ய வேண்டியது, வருகிற பந்து அந்த இடத்துக்குள் வருமா வராதா என்று பார்ப்பது. கார் பார்க்கிற அதே கண்தான். வராது என்று கண் சொன்னால் மட்டை தோளைவிட்டு அசையாது. சும்மா நிற்பது என்கிறார்கள். ஒரு பெரிய பந்து முகத்துக்கு நேரே இறங்கி வரும்போது அசையாமல் நின்று பார்க்கட்டும், பிறகு கதைக்கலாம்.

இனி என் கணவர். அவர் ஆடுகிறவர் இல்லை, எழுதுகிறவர். ஊரில் கல்லூரி கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதியவர், லண்டனிலும் பழைய மாணவர் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் எழுதுவார். மூன்று நிறப் பேனை, ஒரு சின்ன அடிமட்டம், ஒரு பழைய தகரப் பிஸ்கட் ரின், அதற்குள் அழிறப்பர். ஒரு பந்தைக்கூடத் தவறவிடமாட்டார். மழைத்தூறலில் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அணிக்கும் அவரே ஸ்கோரர். புத்தகமும் அவருடைய பழைய கிரிக்கெட் புத்தகம்தான், மூன்று கோடை எழுதியும் பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது.

தெற்கு லண்டனில் சட்டன் பக்கத்துத் தமிழ்ப் பங்குடன் வருடத்துக்கு ஒரு தரம் ஆடுகிற பெரிய ஆட்டம் ஆவணி மாதக் கடைசியில் வரும். முந்தின இரண்டு வருடமும் தோற்றிருந்தோம். சட்டன்காரர் காசு கொடுத்து வெளியாட்களை இறக்குகிறார்கள் என்று எங்கள் ஆண்களுக்குப் பொருமல். கிரிக்கெட்டில் எங்கள் சங்கங்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான் அது, கோப்பைக்காக ஊரிலிருந்தே ஆளிறக்கிய சங்கங்கள் உண்டு. பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் ஞாயிறு, பூசை முடிந்து, கப்டன் மண்டபத்தில் ஒரு திட்டத்தோடு எழும்பினார்.

அணிக்கென்று ரோல்ஸ் விற்றுச் சேர்த்த காசு இருந்தது. அதில் விலையான மட்டை ஒன்று வாங்குவது. மிச்சத்தில் இரண்டு வெளியாட்களைக் கூலிக்குப் பிடிப்பது. ஒருவர் ஆண், ஒருவர் பெண், பல்கலைக்கழக அணியில் ஆடுகிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்றால் ஐந்து பெண்களில் ஒருவர் விலக வேண்டும்.

கப்டன் என் கணவரின் புத்தகத்தைக் கையில் எடுத்தார். "அக்கா, கோவிக்காதையுங்கோ. நான் சொல்லேல்லை, புத்தகம் சொல்லுது. இந்த வருசம் முழுக்க உங்கட வரியில ஒண்டும் இல்லை. பூச்சியம்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நான் ரோல்ஸ் இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றேன். முகம் சுட்டது. நான் எத்தனை தரம் போய் நின்றேன், எத்தனை தரம் சுற்றி வந்தேன் என்று என் முழங்காலுக்குத் தெரியும். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் திங்கட்கிழமை காலை வாசலில் நின்றபோது அது எனக்குச் சொல்லியிருக்கிறது. பிறகு எப்படிப் பூச்சியம்? கணவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்தை இஞ்ச தாரும் தம்பி," என்றேன். "நான் வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன். அடுத்த ஞாயிறு வரைக்கும் ஆரையும் வெட்டாதையும்."

வீட்டுக்கு வந்து சட்டை மாற்றவில்லை. குசினி மேசையில் புத்தகத்தை விரித்தேன். என் வரி வெள்ளையாகத்தான் இருந்தது. பக்கத்தைக் கீழே பார்த்துக்கொண்டு போனேன். எல்லா வரிக்கும் அடியில், எக்ஸ்ட்ராஸ் என்று ஒரு வரி. அதில் நெருக்கி நெருக்கிச் சின்னச் சிலுவைகள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வரி நிரம்பி வழிந்தது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். கிரிக்கெட்டில் எறிகிறவர் பந்தை அகல எறிந்தால் அதற்கு வருகிற ஓட்டம் மட்டை பிடிப்பவருக்குச் சேராது. அது எக்ஸ்ட்ராஸ், யாருக்கும் சொந்தமில்லாத உதிரி. என் கணவர் அந்தப் பழக்கத்தில், நான் விட்ட கெட்ட பந்து ஒவ்வொன்றையும், எடுத்த வோக் ஒவ்வொன்றையும் அந்த உதிரி வரியில் போட்டிருந்தார். அது மட்டும் இல்லை. கிரிக்கெட்டில் ஓட்டம் அடித்தவருக்குத்தான். எனவே நான் மூச்சுவாங்கச் சுற்றி வந்து எடுத்த ஓட்டங்கள், என்னை ஓட்டி அனுப்பியவர்களின் வரியில் ஏறியிருந்தன. பெரும்பாலும் கப்டனின் வரியில். அவருடைய வரி கொழுத்துக் கிடந்ததில் பாதி என் காலால் வந்தது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டேன். வந்தார். விரலை அந்த வரியில் வைத்தேன். "இது என்ன?"

"எக்ஸ்ட்ராஸ்," என்றார். "எறியிறவன் வைட் எறிஞ்சா அதைப் பட்ஸ்மன்ர கணக்கிலயே போடுறது? உலகம் முழுக்க இப்பிடித்தான் எழுதுறது."

"அது கிரிக்கெட்டில. இஞ்ச ஆர் நிண்டது?"

"நீர்தான் நிண்டனீர். அதை ஆர் இல்லையெண்டது?"

"உங்கட புத்தகம் இல்லையெண்டுது. நான் அங்க போகவே இல்லை எண்டுது."

இருபத்தெட்டு வருடம் இவருடன் குடும்பம் நடத்தியவள் நான். அந்த உதிரி வரியில் இன்னும் எதையெல்லாம் போட்டு வைத்திருக்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது, போய் இறக்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழுதியதில் பிழை இருந்தது, பொய் இருக்கவில்லை. எந்தப் பந்து யாருக்கு வந்தது என்று ஒவ்வொரு பந்துக்கும் குறி இருந்தது. அதனால் எல்லாவற்றையும் மீட்டு எடுக்க முடிந்தது. பள்ளி விடுமுறை, எனக்கு வேலை இல்லை. திங்களும் செவ்வாயும் குசினி மேசையில் இருந்து புதுக் கொப்பியில் பத்துப் பேருக்கும் பத்து வரி போட்டேன். யாருக்கும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எத்தனை தரம் மட்டை பிடித்தார், எத்தனை தரம் எந்த வழியிலாவது பேஸுக்குப் போனார், எத்தனை தரம் சுற்றி வந்தார். செவ்வாய் பின்னேரம் கணவர் வந்து எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அடிமட்டத்தை எடுத்து, நான் கோணலாகப் போட்ட கோடுகளை நேராக்கித் தந்தார்.

"பிழைதான்," என்றார். "ஆனா நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"வேணுமெண்டு செய்திருந்தா உங்களுக்கு ரண்டு நாளாச் சாப்பாடு வந்திராது," என்றேன்.

கணக்கு முடிந்தது. நான் மட்டை பிடித்ததில் பாதிக்கு மேல் பேஸில் போய் நின்றிருக்கிறேன். எங்கள் அணியில் வேறு யாரும் பாதியைத் தொடவில்லை. கப்டன் பாதிக்கு நன்றாகக் கீழே. அண்ணைக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஞாயிறு மண்டபத்தில் வீடியோவில் வந்து தான் விளங்கப்படுத்துவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஓர் ஆம்பிளை கனடாவிலிருந்து வந்து சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள் என்றால், அவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

ஞாயிறு வந்தது. ரோல்ஸ் மேசையை விட்டு வெளியே வந்து, மண்டபத்து நடுவில், கொப்பியைப் பார்த்து வாசித்தேன். பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன். கணவர் எழும்பி, புத்தகத்தில் பிழை விட்டது தான்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அது அவருக்கு லேசான காரியம் இல்லை. ஸ்கோர் பிழைத்தது என்று அவர் வாழ்க்கையில் சொன்னது அதுதான் முதல் தரம்.

கப்டன் விடவில்லை. "சரி, நீங்கள் போய் நிண்டனீங்கள். ஆனா நாலு கெட்ட பந்து எறிஞ்சா அது எறிஞ்சவன்ர பிழை. அதில உங்கட கெட்டித்தனம் என்ன அக்கா?"

"அப்ப உமக்கு ஏன் ஒருத்தரும் நாலு கெட்ட பந்து எறியிறேல்லை?"

"நான் விடமாட்டன். அடிப்பன்."

"அதுதான் தம்பி. உமக்கும் எறியினம். நீர் அதுக்குப் பின்னால போய் மட்டையைக் குடுத்துப்போட்டு அவுட் ஆகிறீர். நான் போறேல்லை. அதுதான் கெட்டித்தனம்."

இந்த முறை சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கப்டன் முகம் சிவந்தாலும் கேள்வியை விடவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். "கடைசி நேரம், ஒரு அடி வேணும் எண்டு வந்தா? அப்ப என்ன செய்வியள்?"

"நிப்பன்," என்றேன்.

காசுக் கதையை நான் எடுக்கத் தேவையே வரவில்லை. ரோல்ஸ் மேசைக்குப் பொறுப்பான அக்கா, எழுபதை நெருங்குகிறவர், இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "எண்ணெய் தெறிச்சுக் கை சுட்டது எங்களுக்கு. எங்கட பிள்ளையளுக்குக் கையுறை வாங்கத்தான் பொரிச்சனாங்கள். வெளியாளுக்குக் கூலி குடுக்க இல்லை. மட்டை வேணுமெண்டா வாங்குங்கோ. ஆள் வாங்க ஏலாது." ரொறொன்ரோ அணி அடிகாரனுக்குக் கொடுத்த காசைப் பற்றி ஒரு முழு மாதம் வாதிட்டவர்கள், எங்கள் காசைப் பற்றி ஒரு நிமிடத்தில் அடங்கினார்கள்.

கப்டன் மட்டை பிடிக்கிற வரிசையை எழுதத் தொடங்கினார். என்னைப் பத்தாவதாகப் போட்டார். நான் கொப்பியை அவர் முன்னால் வைத்தேன். "கூடின தரம் போய் நிக்கிறவள் முதல் நிக்க வேணும். பின்னால வந்து அடிச்சு என்னை ஓட்டி எடுக்கிறது உம்மட வேலை." அவர் கொப்பியை நெடுநேரம் பார்த்தார். பிறகு பத்தை வெட்டிவிட்டு ஒன்று என்று எழுதினார். பேனையை அழுத்தித்தான் எழுதினார். ஆனால் எழுதினார்.

ஆட்டம் ஃபாரஸ்ட் கேட் என்கிற இடத்துக்குப் பக்கத்துப் பெரிய புல்வெளியில். வெயிலும் காற்றுமான நாள். சட்டன்காரர் எதிர்பார்த்தபடி இரண்டு வெளியாட்களோடு வந்தார்கள். அவர்களில் நெட்டையான ஒருவன்தான் பந்து எறிந்தான். நடுநிலைக்கு லண்டன் சொஃப்ட்போல் லீக்கிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்பயரைப் பிடித்திருந்தோம். கணவர் மடக்குக் கதிரையில், புதுப் புத்தகத்தோடு இருந்தார். பேஸ்போலுக்கென்றே அச்சடித்த புத்தகம், தானே தேடி வாங்கியிருந்தார். பிஸ்கட் ரின்னுக்குள் நாலாவதாக ஒரு பச்சைப் பேனையும் இருந்தது. அது வோக்குக்கு என்றார்.

முதல் ஆளாக நான் போய் நின்றேன். நெட்டையன் என்னைப் பார்த்தான், நான் நின்ற உயரத்தைப் பார்த்தான், பந்தை உயர வீசினான். தலைக்கு மேலாகப் போனது. நாலு கெட்ட பந்து, முதல் பேஸ். கப்டன் புது மட்டையால் நன்றாகத்தான் அடித்தார், நான் சுற்றி வந்தேன். இரண்டாம் தரமும் வோக். அந்த முறை பின்னால் வந்தவர்கள் அவுட், நான் பேஸிலேயே நின்றுவிட்டேன். மூன்றாம் தரமும் வோக், திரும்பவும் கப்டன் அடித்தார், திரும்பவும் வந்தேன். நெட்டையனுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல் வந்துவிட்டது. ஒரு தரம் என்னைப் பார்த்து, அடிக்கத்தானே வந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை, போகத்தான் வந்தேன் என்றேன்.

கடைசிச் சுற்று வந்தபோது நாங்கள் ஓர் ஓட்டம் பின்னுக்கு. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். வரிசை சுற்றி வந்து, மட்டை என் கையில்.

இப்படி ஒரு நேரத்தைத்தான் கப்டன் மண்டபத்தில் கேட்டிருந்தார். வோக் எடுத்தால் எல்லாரும் ஒரு பேஸ் தள்ளிப் போக, மூன்றாம் பேஸில் நின்றவர் நடந்தே வந்து ஓட்டம் எடுப்பார், சமன். எனக்குப் பின்னால் கப்டனே வருவார். அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. வெளியே நின்ற எல்லாரும் "அடியுங்கோ அக்கா, அடியுங்கோ," என்றார்கள். கப்டன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் அவருக்கு நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறேன்.

மூன்று கெட்ட பந்து வந்தது. இரண்டு ஸ்ட்ரைக்கும் விழுந்தது. மிச்சம் ஒரு பந்து, அது கெட்டதென்றால் சமன், நல்லதென்றால் தோல்வி. நெட்டையன் நேரம் எடுத்து வீசினான். பந்து உயர எழும்பி என் பக்கம் இறங்கியது. தாழ்வு, முழங்காலுக்குக் கீழே போகும் என்று கண் சொன்னது. பதினாறு வருடம் அந்தக் கண்ணை நம்பித்தான் பிள்ளைகளைத் தெருவில் இறக்கியிருக்கிறேன். மட்டையை அசைக்கவில்லை.

"ஸ்ட்ரைக்," என்றார் அம்பயர்.

சட்டன்காரர் ஓடிவந்து ஆளை ஆள் கட்டிப்பிடித்தார்கள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். அது தாழ்வு. இன்றைக்கும் சொல்வேன், எங்கே கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் தடியைத் தூக்கினால் எந்தக் காரோட்டியும் என்னோடு நியாயம் கதைக்க முடியாது. அம்பயர் சொன்னாலும் அப்படித்தான். அழுகை வந்தது, அதை மறைக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

கப்டன் கிட்ட வந்தார். "ஒருக்கா வீசியிருக்கலாம் அக்கா," என்றார். கோபமாக இல்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

"வீசியிருக்கலாம்," என்றேன். "இனியும் அப்பிடி ஒண்டு வந்தா வீசமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் போனேன். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூடி கழற்றாத சிவப்புப் பேனையோடு இருந்தார். என் வரியைப் பார்த்தேன். முதல் ஆள், முதல் வரி. மூன்று கட்டத்தில் மூன்று பச்சைக் குறி. நாலாவது கட்டம் வெறுமை.

"ஏன் எழுதேல்லை?"

"அது தாழ்வாத்தான் வந்தது. நான் இஞ்சயிருந்து வடிவாப் பார்த்தனான்," என்றார். "உமக்கு நடந்தது அநியாயம். நான் அதை எழுதேல்லை. வெறுமையா விடுறன். ஆர் கேக்கப்போகினம்?"

இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்மேல் காட்டிய பிரியங்களில் அது பெரியது. ஒரு பந்தைக்கூடத் தவறவிடாத மனிதர், எனக்காக ஒன்றைத் தவறவிடத் தயாராக இருந்தார். எனக்கு அது விளங்கியது, நெஞ்சுக்குள் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"நாலு தரம் நிண்டனான்," என்றேன். "மூண்டு தரம் போனன். ஒருக்கா அவுட். நாலும் என்ர. நாலையும் என்ர வரியில எழுதுங்கோ."

பேனையின் மூடியைக் கழற்றினார். எழுதினார். மை காயும்வரை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு அவர் கையிலிருந்து பேனையை வாங்கி, புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டி, அடுத்த கோடைக்கான வரிசையில் ஒன்று என்று இலக்கம் போட்டு, அதற்கு நேரே என் பெயரை எழுதினேன்.